இரத்த வங்கியின் சதவீதம் ஊரின் சதவீதம் ஆகுமா? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஹெபடைடிஸ் விவாதம்

பரிசல்துறை (பென்னாகரம்)

ஒகேனக்கல் சாலையோர ஊர்களில் ஆடிப்பெருக்கை ஒட்டி இரத்ததான முகாம் நடத்தும் குழுவில் இருக்கிறேன். சென்ற முகாமில் இரத்தம் கொடுத்த ஒருவரை இரத்த வங்கியிலிருந்து நேரில் வரச் சொல்லி, ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) ரியாக்டிவ், அதாவது முதல் சோதனையில் தொற்றின் அடையாளம் தெரிகிறது, என்று தெரிவித்திருக்கிறார்கள். அவர் யாரென்று எழுதப் போவதில்லை. யாரும் ஊகிக்கவும் வேண்டாம். எப்படியோ செய்தி கசிந்துவிட்டது. குழுவின் வாட்ஸ்அப்பில் ஒருவர், "நம் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஒருவருக்குக் காமாலைக் கிருமி இருக்கிறது" என்று போட்டார். இன்னொருவர் ஏதோ ஓர் ஆய்வின் படத்தைப் போட்டு, "ஆயிரத்தில் ஐந்து பேருக்குத்தான்" என்றார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நாங்கள். அடுத்த முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் நழுவத் தொடங்கிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எந்த எண்ணை நம்புவது?

மட்டுறுத்துநர்

மருத்துவமனைகளின் பெயரையும் ஆட்களின் பெயரையும் குறைபாட்டோடு சேர்த்து எழுத வேண்டாம். மற்றபடி தாராளமாகப் பேசுங்கள்.

பழைய ஆய்வகத்தான் (தர்மபுரி)

தம்பி, இரண்டு எண்களுமே எங்கோ ஓர் ஆய்வகத்தில் உண்மையாக இருந்திருக்கலாம். யாருடைய நூறு, யாருடைய ஆயிரம் என்று கேட்காமல் சண்டை போட்டால் முடிவே வராது. பணிக்காலம் முழுவதும் இரத்த வங்கி ஆய்வகத்தில் உட்கார்ந்தவன் என்பதால் சற்று நீட்டிச் சொல்கிறேன்.

இரத்ததானத்துக்கு யார் வருகிறார்கள்? வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. இந்த வாசலிலேயே நம் பெண்களில் பெரும்பகுதியினர் இரத்தச்சோகை காரணமாகத் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆகவே நாற்காலியில் சாய்வது பெரும்பாலும் இளம் ஆண்கள். அதன் பிறகு கேள்வித்தாள். காமாலை வந்ததா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, பச்சை குத்தினீர்களா என்று கேட்டு இன்னும் சிலரை விலக்குகிறோம். தனக்கு ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தவர் முகாம் பக்கமே வரமாட்டார். இத்தனை வடிகட்டிய பிறகு மிஞ்சுபவர்களிடம் கிடைக்கும் சதவீதம் ஊரின் சதவீதத்தைவிடக் குறைவாக இருப்பதே இயல்பு.

கொடையாளர்களிலும் இரண்டு வகை உண்டு. தன்னார்வத்தோடு திரும்பத் திரும்ப வருகிறவர்களிடம் தொற்று மிகக் குறைவு. ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட்டவர்கள் அவர்கள். மாற்றுக் கொடையாளர் கதையே வேறு. தொப்பூர் கணவாயில் லாரி மோதி ஒருவரை நள்ளிரவில் கொண்டுவருகிறார்கள். இரத்தம் வேண்டும், ஈடாக ஆள் கொண்டுவாருங்கள் என்றதும் மச்சானையும் சித்தப்பா மகனையும் இழுத்து வருவார்கள். கேள்வித்தாளை நீட்டுகிறோம். பக்கத்திலேயே மாமனார் நிற்கிறார். "பச்சை குத்தியிருக்கிறீர்களா, ஊசி மூலம் போதை எடுத்ததுண்டா, வேறு தொடர்பு ஏதாவது..." அந்த இடத்தில் எந்த மனிதன் உண்மை சொல்வான்? எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று டிக் போட்டுவிட்டுச் சட்டைக் கையை மடிப்பான். அதனால்தான் மாற்றுக் கொடையாளர் அதிகமுள்ள இரத்த வங்கியில் சதவீதம் ஏறியும், தன்னார்வ முகாம் அதிகமுள்ள வங்கியில் இறங்கியும் தெரிகிறது.

நோயாளிகள் பக்கம் நேர்மாறு. மருத்துவமனை ஆய்வகத்துக்கு வரும் சீட்டுகளில் ஒரு பகுதி அறுவை சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் எழுதுவது. மற்றது கல்லீரல் பழுது, வயிற்றில் நீர், காமாலை என்று சந்தேகத்தின் பேரில் எழுதுவது. சந்தேகப்பட்டுத் தேடுகிற இடத்தில் கூடுதலாகத்தான் கிடைக்கும். உங்கள் குழுவில் சொன்ன "பத்தில் ஒருவர்" அப்படி ஒரு வார்டிலிருந்து வந்த எண்ணாக இருக்கலாம். அதைத் தூக்கி மாவட்டத்தின் தலையில் வைப்பது அநியாயம்.

ஊர் எண்ணுக்கு அருகில் வருவது வீடு வீடாக எடுத்த மாதிரிகள். நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2015–16) எடுத்த இரத்த மாதிரிகளைச் சோதித்ததில், நாடு முழுவதற்குமாக ஹெபடைடிஸ் பி 0.95 சதவீதம், ஹெபடைடிஸ் சி எதிர்ப்பொருள் 0.32 சதவீதம் என்று வந்தது. அதாவது நூற்றில் ஏறக்குறைய ஒருவர், ஆயிரத்தில் மூவர்.

கணவாய்க்காற்று (தொப்பூர்)

ஐயா சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2024 அறிக்கையில் என்ன சொன்னது? 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் ஹெபடைடிஸ் பி சுமார் 3 கோடிப் பேருக்கு, சி சுமார் 55 லட்சம் பேருக்கு. நீங்கள் சொன்ன 0.95 சதவீதத்தை 140 கோடியால் பெருக்கிப் பாருங்கள். ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. பாதிக்கு மேல் எங்கே போனது? இரண்டுமே பெரிய இடத்து எண்கள். சாமானியன் எதை நம்புவது? எனக்கென்னவோ இந்தக் கணக்குகள் எல்லாமே குத்துமதிப்பு என்றுதான் படுகிறது.

பழைய ஆய்வகத்தான்

நல்ல கேள்வி, கோபித்துக்கொள்ளவில்லை. முதலாவது, எடுத்த மாதிரிகளில் கண்ட எண். இரண்டாவது, பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணித மாதிரி மூலம் போட்ட மதிப்பீடு. வழி வேறு என்பதால் விடையும் வேறு. குத்துமதிப்பு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. இரண்டில் எதை எடுத்தாலும் நூற்றில் ஒருவர், இருவர் என்ற அளவில்தான் நிற்கிறது. பத்தில் ஒருவர் என்று எதுவும் சொல்லவில்லை. தர்மபுரிக்கென்று ஓர் எண்ணை உங்கள் குழுவில் யாராவது அடித்துச் சொன்னால், எத்தனை பேரைச் சோதித்தார்கள், அவர்கள் யார், எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதில் வராது.

அதே அறிக்கையில் என்னை உறுத்திய எண் வேறு. உலக அளவில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் தங்களுக்கு அது இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. சி உள்ளவர்களில் 36 சதவீதம். மற்றவர்கள் தெரியாமலே நடமாடுகிறார்கள். உங்கள் முகாமில் இரத்தம் கொடுத்தவர் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே வந்துவிட்டார். அந்த வகையில் அவருக்கு நல்லதே நடந்திருக்கிறது.

மாங்கனி நகர் (கிருஷ்ணகிரி)

சிறுநீரகம் பழுதானவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் சதவீதம் ஏன் ஏறுகிறது என்பதை எங்கள் அறைக்கு வந்தால் கண்ணால் பார்க்கலாம்.

ஒருவர் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை வருகிறார். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையில் ஃபிஸ்துலாவில் (ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இரண்டு ஊசிகள், உடலின் இரத்தம் குழாய் வழியே வெளியே போய் டயாலைசர் என்ற வடிகட்டியைச் சுற்றித் திரும்பி வருகிறது. பக்கத்துக் கட்டிலில் இன்னொருவருக்கும் அப்படியே. நடுவில் நாங்கள். ஒரு நோயாளியின் ஊசியிடத்தை அழுத்திப் பிடித்த கையுறையோடு அடுத்த இயந்திரத்தின் பொத்தானைத் தொட்டால் போதும், வழி திறந்துவிடும். இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெபாரினை ஒரே குப்பியிலிருந்து பலருக்கு எடுப்பதும் ஆபத்து. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்போடு இருக்கும். அதனால் பி இருப்பவருக்குத் தனி இயந்திரம், தனி இடம். சி விஷயத்தில் இயந்திரத்தைப் பிரிப்பதைவிடக் கையுறையும் ஊசியும் ஒழுங்காக இருப்பதே முக்கியம். ஆனாலும் பல இடங்களில் அதற்கும் தனியாகவே ஒதுக்கிவிடுகிறார்கள்.

சிலர் கொஞ்ச காலம் பெங்களூரில் செய்துகொள்கிறார்கள், பிறகு சேலம், பிறகு இங்கே. எங்கே தொற்றியது என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. அடிக்கடி சோதிப்பதால் எங்களிடம் எதுவும் மறைந்திருப்பதில்லை, அதனாலும் சதவீதம் கூடித் தெரியும். டயாலிசிஸ் தொடங்குகிறவர்களுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வழக்கமான அளவைப் போல் இரு மடங்கு போடுகிறோம். அவர்கள் உடல் தடுப்பூசிக்கு மந்தமாகத்தான் பதில் சொல்லும்.

இன்னொரு கூட்டம், பழைய இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள். ஹெபடைடிஸ் சி கிருமியைக் கண்டுபிடித்ததே 1989இல். இந்தியாவில் ஒவ்வொரு இரத்தப் பையையும் சி கிருமிக்குச் சோதிப்பது கட்டாயமானது 2001இல். அதற்கு முன் பிரசவத்திலோ விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ இரத்தம் ஏற்றியவர்கள், தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டோடு பிறந்து மாதாமாதம் ஏற்றியவர்கள், இவர்கள் ஒருமுறையாவது சோதித்துக்கொள்ள வேண்டும். நம் அம்மாக்கள் வயதில் இப்படி நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கணவாய்க்காற்று

2001க்கு முன் சோதிக்காமலே ஏற்றினார்களா? படிக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

பழைய ஆய்வகத்தான்

சி கிருமிக்கு மட்டும் அப்படி. காசுக்கு இரத்தம் விற்பவர்கள் இருந்த காலமும் அதுதான். உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தந்த தீர்ப்புக்குப் பிறகு, 1998 ஜனவரி 1 முதல் அந்தத் தொழில் தடை செய்யப்பட்டது. இப்போது எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்தும் ஒவ்வொரு பைக்கும் கட்டாயம். அந்த முடிவு வராமல் பை அலமாரியை விட்டு நகராது.

இடைவெளி இல்லையா என்றால், இருக்கிறது. கிருமி உடலில் நுழைந்த முதல் சில வாரங்களில் எலைசா என்ற வழக்கமான பரிசோதனை பிடிக்காது. நாட் எனப்படும் மரபுப்பொருள் பரிசோதனை அந்த இடைவெளியைச் சுருக்கும்; ஆனால் செலவு அதிகம், எல்லா இரத்த வங்கிகளிலும் கிடையாது. அதனால்தான் கேள்வித்தாளில் உண்மையை எழுதுங்கள் என்று தலையால் அடித்துக்கொள்கிறோம். இயந்திரம் தவறவிடுவதைக் கொடையாளரின் வாய்தான் தடுக்க முடியும்.

சூளகிரி மேடு (ஓசூர்)

என் கதையைப் பெயர் இல்லாமல் சொல்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நேர்முகம் முடிந்து, வேலை உறுதி என்று சொல்லி, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு "மருத்துவத் தகுதி இல்லை" என்று ஒரே வரி. என்ன குறை என்று யாரும் சொல்லவில்லை. நானாக வெளியில் சோதித்தபோதுதான் ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தது. வளைகுடா நாட்டுக்கு முயன்ற நண்பனுக்கும் மருத்துவப் பரிசோதனையில் இதே கதிதான். எச்ஐவி உள்ளவர்களுக்குப் பாகுபாட்டுக்கு எதிராக 2017இல் சட்டம் வந்தது. எங்களுக்கு அப்படித் தனிச் சட்டம் எதுவும் இல்லை.

இப்போது வேறு இடத்தில் வேலை. வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். என் அம்மாதான் அப்படி எடுத்து வைத்தார். பயத்தில் செய்கிறார் என்று பேசாமல் இருக்கிறேன். மனைவியும் மூன்று வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்?

மாங்கனி நகர்

அண்ணா, அந்தத் தனித் தட்டை இன்றைக்கே உள்ளே வைத்துவிடச் சொல்லுங்கள். சாப்பாடு, தண்ணீர், கட்டிப்பிடிப்பது, ஒரே கழிப்பறை, எதிலும் இது பரவாது. தனியாக இருக்க வேண்டியது சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி. சலூனில் புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். இது உங்களுக்காக மட்டுமல்ல, அடுத்து உட்காருகிறவருக்காகவும்.

அக்காவுக்கு முதலில் இரத்தப் பரிசோதனை. தொற்று இல்லை என்றால் மூன்று தவணைத் தடுப்பூசி: இன்று, ஒரு மாதத்தில், ஆறாவது மாதத்தில். அது முடியும்வரை உறவில் ஆணுறை. பாப்பாவுக்குப் பிறந்தபோதும், பிறகு பி தடுப்பும் சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசியாகவும் போட்டிருப்பார்கள், அட்டையைப் பாருங்கள். பாப்பாவுக்கும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

உங்களுக்கு மாத்திரை தேவையா என்பது வைரல் லோடு (இரத்தத்தில் கிருமியின் அளவு), கல்லீரல் என்சைம், கல்லீரல் தழும்பு எவ்வளவு என்று பார்த்துத்தான் முடிவாகும். எல்லோருக்கும் உடனே மாத்திரை கிடையாது. தேவைப்பட்டால் டெனோஃபோவிர், தினம் ஒன்று. கிருமியை அடக்கி வைக்கும், பெரும்பாலும் முழுதாகத் துரத்தாது. தேவையில்லை என்றாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் திட்டத்தின் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

சித்தேரி மலை (அரூர்)

இவ்வளவு எதற்கு? கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து, உப்பில்லாப் பத்தியம் இருந்தால் காமாலை போகிறது. எங்கள் ஊரில் தலைமுறையாகக் கொடுக்கிறார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் குணமானதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய ஆய்வகத்தான்

கீழாநெல்லியைக் கிண்டல் செய்கிறவன் நான் இல்லை. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூச் புளும்பெர்க்கே அதை ஆராய்ந்தவர். சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார். கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 59 சதவீதம் பேருக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்று மருந்து உட்கொண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்டது.

நீங்கள் பார்த்த நூற்றுக்கணக்கானவர்கள் பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வந்தவர்களாக இருப்பார்கள். தண்ணீரில் பரவுவது, கண்ணில் மஞ்சள் தெரியும், சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் பி தொற்றும் நூற்றில் 95 பேருக்கு மேல் தானாக விலகிவிடும். மருந்து கொடுத்தாலும் விலகும், கொடுக்காவிட்டாலும் விலகும். பெயர் மட்டும் வைத்தியருக்கு. விலகாமல் தங்குகிறவர்களுக்குக் கண்ணில் மஞ்சளே இருக்காது. பத்து இருபது ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வரும்போது பத்தியம் வேலைக்கு ஆகாது.

சித்தேரி மலை

ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் பரிசோதனை செய்துகொண்டு கீழாநெல்லி குடிப்பதில் தவறில்லையே?

மாங்கனி நகர்

பரிசோதனையும் மருத்துவர் பார்வையும் தொடரட்டும், குடிப்பதை அவரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மட்டும் குடிக்க வேண்டாம். டெனோஃபோவிரைத் திடீரென்று விட்டால் கிருமி சீறி எழும்.

வெண்ணிலா அம்மா (பாலக்கோடு)

பரிசோதனை என்றதும் எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோது எனக்குப் பி இருப்பது தெரிந்தது. குழந்தை பிறந்த அன்றே தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு ஊசியும் போட்டார்கள். பிறகு 6, 10, 14ஆவது வாரங்களில் வழக்கமான ஊசிகள். என் குழந்தைக்குத் தொற்று இல்லை. கருவுற்றவர்கள் தயங்காமல் சோதித்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நூற்றில் 90 குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடும் என்று அப்போது சொன்னார்கள். அந்த எண்தான் இன்றும் மனதில் நிற்கிறது.

பழைய ஆய்வகத்தான்

இதில் இரத்த வங்கிக்கும் ஒரு சேதி இருக்கிறது. ஐந்து நோய்த் தடுப்பூசி இந்தியாவில் முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். அந்தக் குழந்தைகளுக்கு 18 வயதாவது 2029இன் கடைசியில். அதாவது இன்று இரத்தம் கொடுக்கிறவர்கள் அத்தனை பேரும் அதற்கு முன் பிறந்தவர்கள். அவர்களில் பலர் பி தடுப்பூசியே காணாதவர்கள். 2030க்குப் பிறகு கல்லூரி முகாம்களில் பி சதவீதம் இறங்குகிறதா என்று யாராவது உட்கார்ந்து கணக்கெடுத்தால், நான் சொன்ன எல்லாவற்றையும்விட அது பெறுமதியான ஆய்வு.

பரிசல்துறை

முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இன்னொன்று. ரியாக்டிவ் என்றால் நோய் உறுதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

பழைய ஆய்வகத்தான்

கூடாது. ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் கொடையாளர்களில் உண்மையில் மூவருக்குச் சி கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக் கருவி, கிருமி இல்லாத ஆயிரம் பேரில் ஐந்து பேரைத் தவறாகக் காட்டுகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் எட்டுப் பேர் ரியாக்டிவ். அவர்களில் ஐந்து பேர் ஆரோக்கியமானவர்கள்! நோய் அரிதாக உள்ள கூட்டத்தில் நல்ல கருவியும் இப்படித்தான் நடந்துகொள்ளும். ஏற்றுகிற இரத்தத்தில் சிறு சந்தேகமும் இருக்கக் கூடாது என்பதால் எட்டுப் பைகளையும் அழித்துவிடுவோம். ஆனால் எட்டு மனிதர்களையும் நோயாளி என்று முத்திரை குத்த முடியாது. உறுதிப்படுத்தும் சோதனை தேவை.

சி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. தொற்றியவர்களில் 15 முதல் 45 சதவீதம் பேருக்குக் கிருமி தானாகவே போய்விடும், எதிர்ப்பொருள் மட்டும் இரத்தத்தில் மிஞ்சும். ஆகவே வைரல் லோடு பார்த்தால்தான் தெரியும். கிருமி இருந்தாலும் சோஃபோஸ்புவிர், டாக்லாடாஸ்விர் மாத்திரைகள் வழக்கமாக 12 வாரம்; 95 சதவீதத்துக்கு மேல் முழுக் குணம். கொடையாளர் சதவீதத்தை மட்டும் அச்சிட்டு, உறுதிச் சோதனை செய்தார்களா என்று சொல்லாத ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்குக் கை துறுதுறுக்கும்.

கணவாய்க்காற்று

சரி, ஒத்துக்கொள்கிறேன், குத்துமதிப்பு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ரியாக்டிவ் வந்தவர்கள் எல்லோருக்கும் தகவல் போகிறதா?

பழைய ஆய்வகத்தான்

விதிப்படி போக வேண்டும். நடைமுறையில் படிவம்தான் கவிழ்க்கிறது. முகாமில் பத்துப் படிவங்களை ஒரே நண்பன் உட்கார்ந்து நிரப்புவான். எல்லாவற்றிலும் அவனுடைய கைப்பேசி எண். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிறவர் அடுத்த வாரம் ஊரிலேயே இருக்கமாட்டார். நண்பனை அழைத்தால் "என்ன விஷயம், என்னிடம் சொல்லுங்கள், நான் சொல்லிவிடுகிறேன்" என்பான். அவனிடம் சொல்லக் கூடாது. வைத்துவிடுவோம். அப்படி வைத்த அழைப்புகள் எத்தனையோ. பரிசல்துறை தம்பி, உங்கள் ஊரில் செய்தி கசிந்ததும் அப்படி ஒரு வழியாகத்தான் இருக்கும்.

பரிசல்துறை

அடுத்த முகாமுக்குச் சில ஏற்பாடுகள் செய்கிறோம். படிவத்தில் சொந்த எண் மட்டும். அந்த எண்ணுக்கு அங்கேயே ஓர் அழைப்பு விட்டுப் பார்ப்போம். கேள்வித்தாளைப் பள்ளி வகுப்பறை ஒன்றில் தனியாக வைத்து நிரப்பச் சொல்கிறோம், கூட வருகிறவர்கள் வராந்தாவோடு சரி. வாட்ஸ்அப்பில் போட்ட "பத்தில் ஒருவரை" எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்.

சூளகிரி மேடு

என்னால் இரத்தம் கொடுக்க முடியாது, தெரியும். முகாம் அன்று படிவம் நிரப்பும் மேசையில் ஆள் வேண்டுமா?

பரிசல்துறை

வேண்டும் அண்ணா. தனிச்செய்தியில் எண் அனுப்புகிறேன். காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள், டிபன் எங்கள் பொறுப்பு.